பல்செட்டுக்காரர் வீட்டுச் சர்க்கரை

எதிர்வீட்டு நர்சம்மா தேனீக்களுக்கு விஷ ஊசி போட்டுக் கொன்றுவிட்டாராம்.

இப்படி ஒரு பேச்சு தெருவில் கிளம்பி, கைகால் முளைத்து நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தது. ஊசியைச் சுமந்துகொண்டு திரிவதே தேனீதான், அதற்குப் போய் எந்த இடத்தில் ஊசி போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மாள் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸ் என்றால் ஊசி, ஊசி என்றால் மருந்து, மருந்து என்றால் விஷம். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டிக்கிடக்கிறது?

செத்துக்கொண்டிருந்த தேனீக்களின் சொந்தக்காரர் பல்செட்டுக்காரர். அவர் காதுக்கு இது கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவும் சலூன் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, முகமெல்லாம் நுரையோடு, கழுத்தில் கத்தி ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில்.

"கேள்விப்பட்டேன் சார். மனசே ஆறலை," என்றார் சலூன்காரர். "வாயில்லா ஜீவன். அதைப் போய் ஊசி போட்டுக் கொல்லுவாங்களா? நர்சம்மாவைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"ம்ம்?"

"அசையாதீங்க சார்."

தொண்டையில் கத்தி நிற்கும்போது யாரும் மறுப்பு அறிக்கை விடுவதில்லை. அது சரி. ஆனால் முகம் கழுவி, துண்டால் துடைத்து, கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்த பிறகும் அவர் மறுக்கவில்லை. "யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெராக்ஸ் கடை அக்காதான்."

இது உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று அவர் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். "ஊசின்னு நான் சொல்லவே இல்லையே சார்," என்றார் ஜெராக்ஸ் கடை அக்கா. "மருந்து அடிச்சிட்டாங்கன்னுதான் சொன்னேன். மருந்துக்கடையில பேசிக்கிட்டாங்க." மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன சார், நீங்களே வந்து கேக்கறீங்க? ரோஜாச் செடிக்கு அடிக்கிற மருந்து தேனீயைக் கொல்லுமான்னு அன்னைக்கு நீங்கதானே கேட்டீங்க? தெருவுலயே உங்க எதிர்வீட்லதான் ரோஜா இருக்கு. நான் கொல்லும்னேன். அவ்வளவுதான்."

கேள்வியாகக் கிளம்பியது பதிலாகி, செய்தியாகி, ஊசியாகித் திரும்பி வந்திருந்தது. நூல் பிடித்துக்கொண்டு போன மனிதர் கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். வேறொருவராக இருந்தால் கூசிப்போயிருப்பார். பல்செட்டுக்காரருக்கோ, தன் வாயிலிருந்து போனது நாலு வாய் சுற்றித் திரும்பியதும் அதுவே ஆதாரம் மாதிரித் தெரிந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே. நெருப்பில்லாமல் புகையுமா?

அவர் தொழில் அவர் பெயரிலேயே இருக்கிறது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் மாக்கட்டு மாவு கரைத்து ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பற்களை வரிசையாக நடுவார். அலமாரியில் ஊர் பேர் தெரியாதவர்களின் வாய்கள் இளித்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அந்த இளிப்புக்கு நடுவே உட்கார்ந்திருந்தவருக்கு, உயிருள்ள எதையாவது வளர்க்க வேண்டும் என்று ஒரு நாள் ஆசை வந்தது. நாய் என்றால் மனைவிக்கு ஆகாது. மீன் என்றால் அதுவும் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும், தொழில் ஞாபகம் வரும். தேனீ வளர்க்கலாமே என்றார் யாரோ. அதற்குப் பல் கிடையாது என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தேனீப் பெட்டி விற்பவர் ஒரு சாயங்காலம் வந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பெட்டியை வைத்தார். எறும்பு ஏறாதபடி நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணம் தண்ணீர். உள்ளே சட்டங்கள், சட்டங்களில் மெழுகு அடை, அடையெல்லாம் தேனீ. "ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். வைங்க, மறந்துடுங்க. தேன் தானா வரும்," என்று கையைத் தட்டிவிட்டுப் போனார் பெட்டிக்காரர்.

மறப்பதுதான் பல்செட்டுக்காரருக்குத் தெரியாத வித்தை. தினமும் மூடியைத் திறந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை அடையின் அறைகளுக்குள் விட்டுப் பார்த்தார். மெழுகு வேலை செய்கிறவர் என்பதால் தேனீக்களிடம் அவருக்கு ஒரு சகதொழிலாளி பாசம் உண்டாகியிருந்தது. "ஃபினிஷிங்கைப் பாரு, ஃபினிஷிங்கைப் பாரு," என்று மனைவியை மாடிக்கு இழுத்தார். ஒரு முறை சட்டத்தைத் தூக்கும்போது அடையின் ஓரம் பிய்ந்துவிட்டது. ரோஸ் மெழுகைக் காய்ச்சி அழகாக ஒட்டுப்போட்டார். தேனீக்கள் அதைத் துணுக்குத் துணுக்காகக் கடித்து வாசலுக்கு வெளியே தள்ளின. டாக்டர் திருப்பி அனுப்பிய பல்செட்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஃபிரிட்ஜா சார் அது, தொறந்து தொறந்து பாக்க?" என்று போனில் சத்தம் போட்டார் பெட்டிக்காரர்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பூக்கள் அழுகி உதிர்ந்தன. தேனீக்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டி மாதிரிக் கனமில்லாமல் இருந்தது. மறுபடியும் போன். பெட்டிக்காரர் எதையோ மென்றுகொண்டே சொன்னார்: "பட்டினி சார். மழை விடற வரைக்கும் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு ஒரு கிண்ணத்துல உள்ள வைங்க. சரிக்குச் சரி. மூழ்கிடாம மேல ரெண்டு குச்சி போட்டு வைங்க."

சர்க்கரை விஷயத்தில் பல்செட்டுக்காரரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "இது என்ன போட்டது?" என்று கேட்பார். வெள்ளை என்று தெரிந்தால் கீழே வைத்துவிடுவார். "விஷம்ங்க அது. எனக்குச் சோறு போடறதே அதுதான், இல்லைங்கலை. ஆனா என் வீட்டுக்குள்ள அது காலெடுத்து வைக்கக் கூடாது." அவர் மனைவி பல வருஷமாக ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே பல்செட்டுக்காரர் தேனீக்களுக்கும் தான் சாப்பிடுகிற சர்க்கரையையே கரைத்து வைத்தார். கடையில் இருப்பதிலேயே உசத்தி. வாய்வைத்துப் பார்த்தார், அமிர்தம். தேனீக்களும் மொய்த்துக்கொண்டு குடித்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் நிறைந்தது.

சில நாளில் தேனீக்கள் வாசலில் விழ ஆரம்பித்தன. பறக்க முடியாமல், வயிறு உப்பி, தரையில் ஊர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து செத்தன. பக்கத்து வீட்டில் ஓடும் மிக்ஸி மாதிரி பெட்டிக்குள் இருந்த ரீங்காரம், கொசு மாதிரி ஆகிவிட்டது.

பல்செட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. எறும்போ என்று பார்த்தார், கிண்ணங்களில் தண்ணீர் இருந்தது. குளிரோ என்று பெட்டியைச் சாக்கால் சுற்றினார். ராணி செத்துவிட்டதோ என்று குட்டிக் கண்ணாடியோடு அறை அறையாகத் தேடினார். ராணி இட்ட முட்டைகூடக் கண்ணில் படவில்லை. தேடுவதற்காகவே பெட்டியைத் திறந்து வைத்ததில் உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சச் சூடும் போனது. பலவீனமாக இருக்கிறதே என்று சர்க்கரைத் தண்ணீரை இன்னும் கெட்டியாக, இன்னும் அதிகமாக வைத்தார்.

"பெட்டி முகப்புல கறை கிறை இருக்கா சார்?" என்று ஒரு தடவை பெட்டிக்காரர் கேட்டதுண்டு.

"கறையா? பளிச்சுன்னு இருக்கு," என்றார் இவர் பெருமையாக.

பளிச்சென்று இல்லாமல் எப்படி இருக்கும்? தினம் காலையில் ஈரத்துணியால் முகப்புப் பலகையை இவரே துடைத்துக்கொண்டிருந்தார். பழுப்பாக, கோடு கோடாக, சொட்டுச் சொட்டாக ஏதோ. மழைச் சேறு என்று நினைத்தார். அவர் பட்டறையிலிருந்து கறையோடு ஒரு பல்லும் வெளியே போனதில்லை, பெட்டி மட்டும் அழுக்காக இருக்கலாமா?

அப்படியே மாடியில் நின்று யோசித்தபோது எதிர்வீட்டுத் தோட்டம் கண்ணில் பட்டது. ரோஜாச் செடிகள். நர்சம்மா முன்பெல்லாம் கையில் ஒரு மருந்து பம்பை வைத்துக்கொண்டு செடி செடியாகப் புஸ் புஸ் என்று அடித்துக்கொண்டு போவார். அவ்வளவுதான், பல்செட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போனார், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார். மீதிக் கதைதான் தெரிந்ததாயிற்றே.

நர்சம்மாவின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் கிடக்கும். ரத்த அழுத்தம் பார்க்க, கட்டு மாற்ற, மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியிருப்பது என்னவென்று கேட்க, தெருவே அதில் வந்து உட்கார்ந்து எழுந்து போகும். அந்த அம்மாளுக்கு வேறு துணை கிடையாது. வருகிறவர்கள்தான் பேச்சுத்துணை. ஊசிப் பேச்சு வந்த பிறகு நாற்காலியில் மழைத்தண்ணீர்தான் தேங்கி நின்றது. ஜெராக்ஸ் கடை அக்கா ரத்த அழுத்தத்தை மருந்துக்கடையில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்தப் பேச்சு நின்னுடும்," என்றார் மனைவி.

"நான் எதுவுமே சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன்."

"நான் கேட்டது ஒரு கேள்வி. சந்தேகம் கேக்கறது தப்பா?"

"உங்க பெட்டியில என்ன வியாதின்னு உங்களுக்கே தெரியலை. தெரியாத வியாதிக்கு எதிர்வீட்டு அக்கா பேரை வெச்சுட்டீங்க."

பல்செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆதாரத்தோடு பேசுவோம் என்று செத்த தேனீக்களைப் பொறுக்கி, பல்செட் வைத்துக் கொடுக்கிற டப்பாவில் சேர்த்தார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விஷத்தைத் தேடினார். விஷம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததால் எல்லாமே விஷமாகத்தான் தெரிந்தது. உயிரோடு இருப்பவற்றையும் பார்த்துவிடலாம் என்று தேனீக்களை அடக்கப் புகைகூடப் போடாமல் மூடியைத் தூக்கினார். பெட்டிக்குள் பலம் குறைந்திருந்ததே தவிர ரோஷம் குறையவில்லை. ஒன்று நேராக வந்து இமையில் வைத்தது.

வலது கண் மூடிக்கொண்டது. இடது கண்ணும் அனுதாபத்தில் பாதி மூடிக்கொண்டது. மனைவி பட்டறை இடுக்கியை எடுத்துவந்து கொடுக்கைப் பிடுங்கினார். படுக்கையில் கிடந்தவர் அந்த நாட்களில் மாடிக்குப் போகவில்லை, பலகையைத் துடைக்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. தேனீக்கள் வந்ததிலிருந்து அவர் அவற்றுக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போன மனைவி கீழே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"ஏங்க, உங்க பெட்டிக்கு வயித்தாலே போகுது."

"என்னது?"

"முன்னாடிப் பலகையெல்லாம் பழுப்பா ஒழுகியிருக்கு. நாத்தம் வேற. ரெண்டு புள்ளை பெத்து வளத்தவ நான், இதுகூடத் தெரியாதா? சேறில்லை அது. பேதி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணோடு சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். பலகை முழுக்க, வாசல் ஓரம் முழுக்க, சாக்கின் மேலும்கூட. தினமும் காலையில் அவர் ஈரத்துணியால் துடைத்து எறிந்துகொண்டிருந்தது இதைத்தான். நோயாளி நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க, இவர் வாயைத் துடைத்து மூடிவிட்டுக்கொண்டிருந்தார்.

போனை ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் பெட்டிக்காரர் மெல்வதை நிறுத்தினார்.

"பேதியா? என்ன சார் குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதான். சர்க்கரைத் தண்ணி."

"சர்க்கரைன்னா?"

"சர்க்கரைதாங்க. உசத்திச் சர்க்கரை. நாங்க சாப்பிடறது."

"என்ன கலர்ல இருக்கும் சார்?"

"கலரா? நல்லாப் பழுப்பா. கலப்படமே கிடையாது. கரும்பு வாசனை அப்படியே—"

"அய்யய்யோ! வெல்லச் சர்க்கரையா? நான் சொன்னது சீனி சார், சீனி! வெள்ளைச் சீனி! வெல்லத்துல இருக்கற கசடை அது வயிறு தாங்காது சார். மழையில வெளிய போய்க் கழிக்கவும் முடியாம உள்ளயே... அய்யோ, எத்தனை நாளாக் குடுக்கறீங்க?"

"நீங்க சர்க்கரைன்னுதானே சொன்னீங்க?"

"எங்க வீட்ல சீனிக்குப் பேர் சர்க்கரைதான் சார்!"

ஒரே மொழிக்குள் வீட்டுக்கு வீடு சர்க்கரை வேறு. பெட்டிக்காரர் வீட்டில் வெள்ளையாக இருந்தால் சர்க்கரை, இவர் வீட்டில் பழுப்பாக இருந்தால்தான் சர்க்கரை, வெள்ளையாக இருந்தால் சீனி, சீனி என்றால் விஷம். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டித் தேனீ கழிந்து கழிந்து செத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ரோஜாவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"இப்பவே அதை எடுத்துட்டு, கிண்ணத்தைக் கழுவி, சீனித் தண்ணி வைங்க. இருட்டறதுக்குள்ள. மிச்சம் இருக்கறது பொழைச்சாலும் பொழைக்கும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்காரர் வைத்துவிட்டார்.

வீட்டில் சீனி இல்லை. மூலைக்கடை பூட்டிக் கிடந்தது. பெரிய கடைக்குப் போக மழையும் விடவில்லை, கண்ணும் விடவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா வீட்ல இருக்கு," என்றார் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரஷர் பார்க்கப் போகிறேன், பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று அவர் மத்தியானத்துக்கு மத்தியானம் எதிர்வீட்டுக்குப் போய் வந்தது பல்செட்டுக்காரருக்கு அப்போதுதான் வேறு மாதிரி விளங்கியது. பேச்சு கிளம்பிய பிறகு அந்தப் போக்குவரத்து நின்றிருந்தது. வெட்கத்தில் மனைவியால் எதிர்வீட்டுப் படி ஏற முடியவில்லை. அதற்கப்புறம் மத்தியானங்களில் அவர் ஏன் எரிந்து விழுந்தார் என்பதும் சேர்ந்தே விளங்கியது.

"டீக்கு எத்தனை ஸ்பூன் போடுவே?"

"அதை இப்பக் கேளுங்க."

"நீயே போய் ஒரு டம்ளர் வாங்கிட்டு வந்துடேன்."

"நான் மாட்டேன். கேள்வி கேட்டது யாரோ, அவங்களே போங்க."

நர்சம்மா கதவைத் திறந்தார். வந்த விஷயத்தைக் கேட்கவில்லை. தாடையைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"கொடுக்கை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா. வீட்ல எடுத்துவிட்டா."

"நல்லவேளை. இல்லைன்னா நான்ல ஊசி போடணும்." குரலில் சிரிப்பு இருந்ததா என்று ஒற்றைக் கண்ணால் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "என்ன வேணும் தம்பி?"

"கொஞ்சம்... சீனி கிடைக்குமாக்கா?"

"சீனியா? நீங்களா? யாருக்கு வைக்கப் போறீங்க விஷம்?"

"தேனீக்குத்தான்."

"அதுக்குத்தான் நான் ஊசி போட்டாச்சே."

சொல்லிவிட்டு நர்சம்மா உள்ளே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் கொடுக்கிறார் என்பது புரிந்தது. வாயும் திறந்தது.

"அந்தப் பேச்சுக்கா..."

"எந்தப் பேச்சு?"

"அதான்... ஜனங்க எதையாவது ஒண்ணு..."

"ஆமா," என்றார் நர்சம்மா. "ஜனங்க." முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து சமையலறைக்குப் போனார்.

வாயை அளந்து வாழ்கிற மனிதர். மேல் வரிசை, கீழ் வரிசை, கடிக்கும் இடம், நாக்கு புரளும் இடம் எல்லாம் அத்துப்படி. தன் வாய் மட்டும் அந்த நேரத்தில் அச்செடுத்த மாவு மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. பார்வையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று தோட்டத்துப் பக்கம் திரும்பினார். மருந்து பம்பு சுவர் ஆணியில் தொங்கியது. அதன் மூக்கிலிருந்து சுவர் வரைக்கும் சிலந்தி நூல் கட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து பார்க்கும்போது வெறும் பச்சையாகத் தெரிந்த ரோஜாச் செடிகள் பக்கத்தில் வேறு மாதிரி இருந்தன. கொழுந்தெல்லாம் சுருண்டு, மொட்டுக்கு மொட்டு பச்சைச் செடிப்பேன் அப்பிக் கிடந்தது.

நர்சம்மா டம்ளரோடு வந்தார்.

"ரோஜா ஏன்க்கா இப்படி ஆயிடுச்சு?"

"மருந்தடிச்சு மாசக்கணக்காச்சே."

"ஏன்?"

"உங்க வீட்லதான் சொன்னா, தேனீப் பெட்டி வந்திருக்குன்னு." கொஞ்சம் நிறுத்தி, "முழங்கால் வேற. மருந்து வாங்க யார் போறது?" என்றார்.

இரண்டில் எது காரணம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டம்ளரின் விளிம்புக்கு மேல் சீனி கும்பாரமாக நின்றது. சிந்தாமலிருக்க அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்க்கா."

"எதை?"

"டம்ளரை... சீனியை."

"சரி," என்றார் நர்சம்மா. கதவு சத்தமில்லாமல் மூடியது.

மாடியில் மனைவி குடை பிடிக்க, பல்செட்டுக்காரர் பழைய தண்ணீரை எடுத்துக் கொட்டினார். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாத வஸ்துவைத் தண்ணீரில் கொட்டி, தன் மெழுகுக் கரண்டியாலேயே கலக்கினார். அது சேறில்லாமல், நிறமில்லாமல் கரைந்தது. பெட்டிக்குள் மிஞ்சியிருந்தது உள்ளங்கையால் மூடிவிடலாம் போலிருந்தது. நடுச் சட்டத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு, ஒன்றன் சூட்டில் ஒன்று நின்றுகொண்டிருந்தன. கிண்ணத்தை வைத்ததும் ஒன்று இறங்கி வந்து குச்சியில் நின்று நாக்கை நீட்டியது. மற்றவை வந்தனவா என்று பார்க்க ஆசையாக இருந்தது. மனைவி, "மூடுங்க," என்றார். மூடினார்.

அதற்குப் பிறகு பலகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். காலையில் பேப்பர் படிப்பதுபோல அதைப் படித்தார். கறை குறைந்தது. ஒரு நாள் புதுக்கறையே இல்லை. மழையும் விட்டு விட்டுப் பெய்தது. ஒரு மத்தியானம் ஒரு தேனீ பின்னங்காலில் மஞ்சளாக எதையோ ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மகரந்தம் கொண்டுவருகிறதென்றால் உள்ளே ஊட்டுவதற்குக் குஞ்சு இருக்கிறது என்று அர்த்தமாம். நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரே ஒரு தடவை திறந்து கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ஓர் அறையின் அடியில் நூல் முனை போல வெள்ளையாக ஒரு முட்டை நின்றுகொண்டிருந்தது. அல்லது நின்றுகொண்டிருப்பதாக அவர் நினைத்தார். கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

"பொழைக்குமா?" என்று பெட்டிக்காரரிடம் கேட்டார்.

"பொழைச்சாலும் பொழைக்கும் சார். இல்லைன்னா போயிடும்," என்றார் பெட்டிக்காரர், நிபுணர்களுக்கே உரிய துணிச்சலோடு.

பேச்சை நிறுத்துகிற காரியத்தையும் அவர் விட்டுவிடவில்லை. சலூனுக்குப் போய், இந்தத் தடவை நுரை போடுவதற்கு முன்பே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நர்சம்மா எதுவுமே பண்ணலைங்க. தப்பு என்னுது. நான்தான் வெல்லத்தைக் கரைச்சு ஊத்திட்டேன்."

சலூன்காரர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவரைக் கனிவாகப் பார்த்தார். "உங்க மனசு யாருக்கு சார் வரும்? பழியை நீங்களே ஏத்துக்கிட்டு அந்தம்மாவைக் காப்பாத்தறீங்க."

"இல்லைங்க, நெஜமாவே—"

"அசையாதீங்க சார்."

அந்த வாரத்துக்குள் தெருவில் புதுப் பேச்சு ஒன்று நடமாட ஆரம்பித்தது. பல்செட்டுக்காரர் குடையில்லாமல் எதிர்வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் நிறைய வெள்ளையாக ஏதோ வாங்கி வந்ததை ஜெராக்ஸ் கடை அக்கா பார்த்திருக்கிறார். ஊசி போட்டதற்கு மாற்று மருந்தாம். போட்டவரிடமே போய்க் கெஞ்சி வாங்கினாராம். நாற்காலியில் தண்ணீர் தேங்கித்தான் கிடந்தது. மனைவி மட்டும் மறுபடி மத்தியானங்களில் எதிர்வீட்டுக்குப் போனார். இப்போது பிரஷர் என்று பொய் சொல்வதில்லை. "டீ குடிச்சிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டே போனார்.

டம்ளர் இவர் பட்டறை அலமாரியில், இளித்துக்கொண்டிருக்கும் வாய்களுக்கு நடுவே நின்றது. கழுவித் துடைத்தாயிற்று. ஆனால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி? சீனியை வாங்கி நிரப்பிக் கொடுத்தால் டம்ளர்க் கடன் மட்டும்தான் தீரும். தேன் ஊற்றிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார். தேன் என்ற பேச்சையே அந்தப் பெட்டியிடம் இப்போது எடுக்க முடியாது.

"கையில எதுவுமில்லாமப் போய், வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்," என்றார் மனைவி.

"போறேன், போறேன். தேன் வரட்டும்."

"வராட்டி?"

பல்செட்டுக்காரர் எழுந்துகொண்டார். மாடிக்குப் போனார். எதிர்வீட்டுத் தோட்டத்தில் நர்சம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரோஜாக் கொழுந்திலிருந்து பேனை விரலாலேயே நசுக்கிக்கொண்டிருந்தார். மாடியில் ஆள் அரவம் கேட்டுத் தலையை உயர்த்தினார்.

"தம்பி! என் டம்ளர் சௌக்கியமா?"

"சௌக்கியம்க்கா!" என்றார் பல்செட்டுக்காரர். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்சம்மா விரலைச் செடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேனீ ஒன்று இருவருக்கும் நடுவே தெருவைக் கடந்து எங்கோ போயிற்று. அதைப் பார்ப்பதுபோலப் பல்செட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.